உப்பு வழியும் நாட்டு மாடும்

கற்பிட்டிக் குடாநாடு புத்தள மாவட்டத்தின் மேற்கு ஓரத்திலே வடதிசை நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலமாகும். அதன் ஒரு புறத்திலே மன்னார்க் குடாக்கடல். மறு புறத்திலே புத்தளக் களப்பு. இவ்விரு நீர்ப்பரப்புக்கும் இடைப்பட்ட நிலத்திலே, நுரைச்சோலையை அடுத்து, மாம்புரி என்னும் ஊர் அமைந்துள்ளது. 2010ஆம் ஆண்டிலே இங்குக் காற்றாலைகள் எழுந்தன. அதற்கு அடுத்த ஆண்டிலே நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் இயங்கத் தொடங்கிற்று. இவை பற்றிய விவரங்கள் யாவும் அரசாங்க அறிக்கைகளிலே செவ்வனே பதியப்பட்டுள்ளன. ஆயின், இக்கரையோர ஊர்களின் தென்னந் தோட்டங்களிலும் தரிசு நிலங்களிலும் மேயும் சிறுத்த மாட்டுக்கு அவ்வறிக்கைகளிலே தனிப்பெயர் யாதும் இல்லை. சிங்களத்திலே ‘பட்டு ஹரக்’ என்றும், தமிழிலே நாட்டு மாடு அல்லது ஊர் மாடு என்றும் அதனைக் கூறுவர். கால்நடைக் கணக்கெடுப்போர் ‘இனங்குறிக்கப்படாதது’ என்னும் தலைப்பின்கீழ் அதனை அடக்கிவிடுவர்.

இனங்குறிக்கப்படாதது என்பது வேறு. இனமே இல்லாதது என்பது வேறு. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டமையால் விளைந்த கேடு சிறிதன்று. பெயரற்ற இம்மாட்டின் வரலாறு யாது, அதனை அறிதற்கு இக்கால விஞ்ஞானம் எவ்வகையிலே துணைபுரிகின்றது, அவ்வறிவினாலே பெறப்படும் கடமை யாது என்பன ஆராயத்தக்கன.

மாட்டின் இரு பிறப்பு

மாடு என்னும் சொல்லுக்குச் செல்வம் என்பதும் ஒரு பொருளாகும். வள்ளுவர் அப்பொருளிலேயே அச்சொல்லை ஆண்டுள்ளார். ஆநிரை கவர்தலையும் மீட்டலையும் வெட்சி, கரந்தை என வகுத்துப் போரின் தொடக்கமாகவே கொண்ட பண்டைத் தமிழ் மக்களுக்கு, மாட்டின் பெருமையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. எனினும், அம்மாடு எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடை அண்மைக் காலத்திலேதான் கிடைத்தது.

உலகத்து மாடுகள் யாவும் காட்டு மாட்டினம் ஒன்றிலிருந்து தோன்றியவை. அக்காட்டினத்தின் கடைசிப் பசு 1627இலே போலந்து நாட்டு யக்தோரூவ் காட்டிலே இறந்தது. மேற்காசியாவிலே, இயூபிரத்தீசு, தைகிரீசு ஆகிய ஆறுகளின் தலைநிலங்களில், ஏறத்தாழப் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் அது பழக்கப்பட்டது என்பது அறிஞர் முடிபு. அங்கிருந்தே மாடு எங்கும் பரவியது என்றும், திமில் இல்லாத அம்மாட்டிலிருந்தே திமிலுள்ள இந்திய மாடு பின்னர்த் தோன்றியது என்றும் பலர் நெடுங்காலம் கருதி வந்தனர். 

இக்கருத்தை 1994ஆம் ஆண்டிலே வெளிவந்த ஆய்வொன்று அசைத்தது. அயர்லாந்திலுள்ள டப்ளின் திரித்துவக் கல்லூரியினர், ஐரோப்பிய, ஆபிரிக்க, இந்திய மாடுகளின் கலங்களிலுள்ள இழைமணிகளின் டீ.என்.ஏ.யை ஒப்பிட்டு நோக்கினர். இழைமணியின் டீ.என்.ஏ. தாய்வழியாக மட்டுமே வருவது. திமிலுள்ள மாட்டின் தாய்வழியும் திமிலற்ற மாட்டின் தாய்வழியும் பிரிந்து குறைந்தது இரண்டு இலட்சம் ஆண்டுகளாயினும் சென்றிருத்தல் வேண்டும் என அவர்கள் கண்டனர். மனிதன் மாடு வளர்க்கத் தொடங்கிய காலமோ பத்தாயிரம் ஆண்டுக்கு உட்பட்டது. எனவே, இரு வேறு நிலங்களிலே, இரு வேறு மக்கள், முன்னரே பிரிந்துபோன இரு காட்டுக் குலங்களைத் தனித்தனியே பழக்கினர் என்பது தெளிவாயிற்று. திமிலுள்ள மாடு தென்னாசியாவுக்கே உரிய பழஞ்செல்வம் என்பதை 2010இலே வெளிவந்த மற்றோர் ஆய்வு மேலும் வலியுறுத்தியது.

தொல்லியற் சான்றும் இதற்கு இயைந்து நிற்கின்றது. பலுச்சிஸ்தானத்திலே போலன் கணவாயின் அடியிலுள்ள மெகர்கார் என்னும் இடத்தில் 1974 முதல் பிரான்சிய அறிஞர் அகழ்ந்தனர். காலம் செல்லச் செல்ல அங்கு வேட்டை விலங்குகளின் எலும்பு குறைந்து, மாட்டெலும்பு மிகுவதும், அம்மாட்டின் உடல் சிறுப்பதும் காணப்பட்டன. காட்டு விலங்கு வீட்டு விலங்காகுங்கால் உடல் சிறுப்பது இயல்பு. சிந்துவெளி முத்திரைகளிலே திமில் ஓங்கிய எருது பொறிக்கப்பட்டிருப்பதை மாணவர் அறிவர். தென்னிந்தியாவிலே கருநாடக, ஆந்திர எல்லைகளிற் காணப்படும் சாம்பல் மேடுகள் பற்றியும் ஐயம் நெடுங்காலம் நிலவியது. உத்நூர் என்னும் இடத்திலே 1957இல் அகழ்ந்த ஓல்ச்சின் என்னும் அறிஞர், அவை புதிய கற்கால மக்கள் தம் மாட்டுப்பட்டிகளிலே சேர்ந்த சாணத்தை எரித்தமையால் உண்டானவை என நிறுவினார். தென்னாட்டார் மாடு வளர்க்கத் தொடங்கி நாலாயிரம் ஆண்டுக்கு மேலாயிற்று என்பதற்கு அம்மேடுகள் சான்றாகும்.

உப்பு வழி

தென்னிந்தியாவிலிருந்த மாடு ஈழத்துக்கு வந்தது எப்பொழுது? அநுராதபுரத்து அகழ்வுகள், ஏறத்தாழக் கி.மு. 900ஆம் ஆண்டளவிலே இரும்பும் நெல்லும் மாடும் அங்கு வழங்கியமையைக் காட்டுகின்றன. புத்தளக் களப்புக்கு வடக்கேயுள்ள பொன்பரப்பியிலே கண்டெடுக்கப்பட்ட தாழிகள் தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளை ஒத்திருப்பதும் அறிஞர் பலராலே எடுத்துக்காட்டப்பட்டதாகும். மக்கள் கடலைக் கடந்த வழியிலே மாடும் கடந்திருத்தல் கூடும். எனினும் கூடும் என்பதற்கும் கடந்தது என்பதற்கும் இடையே வரலாற்று மாணவன் வேற்றுமை காணல் வேண்டும்.

பிற்காலத்து நிலை இன்னும் தெளிவாக உளது. கண்டி இராச்சியம் மலை நாடு. அங்கே உப்பு விளைவதில்லை. உப்பும் கருவாடும் கடற்கரையிலிருந்தே செல்லுதல் வேண்டும். மேற்கிலே அவற்றை வழங்கியது புத்தளம். 1660 முதல் 1679 வரை கண்டி நாட்டிலே சிறையிருந்து மீண்ட றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயர், 1681இலே வெளியிட்ட தமது நூலிற் புத்தளத் துறையினின்றும் நாட்டின் ஒரு பகுதிக்கு உப்பும் மீனும் செல்வதையும், படகுகளைத் தடுத்தற்காக ஒல்லாந்தர் முனையிலே கோட்டை வைத்திருப்பதையும் குறித்துள்ளார். அக்கோட்டையே 1667இல் ஒல்லாந்தர் கட்டத் தொடங்கிய கற்பிட்டிக் கோட்டை. கீழ்ப்பகுதி மக்கள் மாடுகளை அத்துணைத் தூரம் மலை கடந்து ஓட்டிவருதல் அரிது என்றும், ஆதலின் அவர்களுக்குக் கிழக்கே வேறோர் உப்பு நிலம் வாய்த்தது என்றும் நொக்ஸ் கூறுவது கருதத்தக்கது. உப்பு வாணிகத்தின் எல்லையை மன்னர் ஆணை மட்டும் வகுக்கவில்லை; மாட்டின் காலும் வகுத்தது என்பது இதனாற் புலனாகின்றது.

பொதி சுமந்து சென்ற இம்மாட்டுக் கூட்டத்துக்குத் தவளம் என்று பெயர். முஸ்லிம் வணிகர் இத்தொழிலிலே சிறந்து விளங்கினர். கடற்கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே சென்றன. பாக்கும் பிற மலைநாட்டுப் பண்டங்களும் கீழே வந்தன. சங்க நூல்கள் கூறும் உமணர் உப்பு வண்டிகளைத் தமிழ் நாட்டின் பரற்பாதைகளிலே செலுத்தியது போலவே, இவர்கள் வண்டி செல்லாத ஒற்றையடிப் பாதைகளிலே பொதிமாட்டை நடத்தினர். 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையினால் கடற்கரை முழுவதையும் ஒல்லாந்தர் தமதாக்கிக்கொண்டபோதும், கண்டி மக்கள் உப்பெடுத்தற்கு இடம் விட வேண்டியதாயிற்று. உப்பின்றி மலைநாடு வாழாது. மாடின்றி உப்புச் செல்லாது.

1795இலே கற்பிட்டி ஆங்கிலேயர் கைப்பட்டது; 1815இலே கண்டியும் வீழ்ந்தது. பின்னர்த் தேசாதிபதி பார்ண்ஸ் காலத்தில் வீதிகள் அமைந்தன. பொதிமாடு சென்ற வழியிலே மாட்டு வண்டி சென்றது. கோப்பிச் செய்கை பெருகிய நாளில் வண்டி இழுத்தற்கு இந்தியக் கரையிலிருந்து பெரிய எருதுகள் கொண்டுவரப்பட்டன. 1867இலே கண்டிக்குப் புகையிரதம் ஓடியதும் தவளத்தின் காலம் கழிந்தது. மாடு மட்டும் எஞ்சியது.

எஞ்சிய இம்மாட்டின் உடலிலே குறைந்தது மூன்று படைகள் இருத்தல் கூடும் என ஊகிக்கலாம். தொல்காலத்திலே மக்களோடு கடல் கடந்து வந்தது ஒன்று. இடைக்காலத்துக் கரையோர வாணிகத்தால் வந்து சேர்ந்தது ஒன்று. கோப்பிக் காலத்து வண்டியெருதுகளால் விளைந்தது ஒன்று. தவளத்தின் வழியே மலை மாடும் கரை மாடும் கலந்தன என்று கூறுவாரும் உளராகலாம். ஆயின், பொதி சுமக்கும் எருதுகள் பெரும்பாலும் விதையடிக்கப்பட்டவை; அவை தாமே வழியில் இனம் பெருக்கியிரா. வணிகர் கன்றுகளையும் பசுக்களையும் மாற்றிக் கொண்டதனால் கலப்பு நேர்ந்திருக்கலாம். ஏடுகளோ இதுபற்றி வாய்திறப்பதில்லை. ஏடு வாய்திறவாத இடத்திலே மாட்டின் உடலே ஏடாகின்றது.

உடலிலுள்ள ஏடு

மாட்டின் ஒவ்வொரு கலத்திலும் முப்பது சோடி நிறமூர்த்தங்கள் உள. அவற்றிலே டீ.என்.ஏ. என்னும் நீண்ட இழையில் நான்கு வகை எழுத்துக்கள் மாறி மாறி அமைந்துள்ளன. ஒரு தொகுதியிலுள்ள எழுத்துக்கள் ஏறத்தாழ 270 கோடி. இவ்வெழுத்துத் தொகுதி முழுவதையும் மரபணுத் தொகுதி என்றும், அதனை முதலிலிருந்து முடிவு வரை வாசித்தலை முழுவரிசையறிதல் என்றும் கூறுவர். மாட்டின் மரபணுத் தொகுதி 2009ஆம் ஆண்டு ஏப்பிரலிலே முதன்முதலாக வெளியிடப்பட்டது. இருபத்தைந்து நாடுகளைச் சேர்ந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட அறிஞர் ஆறாண்டு உழைத்தனர். ஐந்து கோடி டொலருக்கு மேற் செலவாயிற்று. ஏறத்தாழ 22,000 மரபணுக்கள் அதிலே உள்ளன எனக் கண்டனர். இன்றோ ஒரு மாட்டை வாசித்தற்குச் சில நூறு டொலரே போதுமானது.

வரலாற்றாசிரியனுக்கு இவ்வாசிப்பு எங்ஙனம் பயன்படும்? இரு குலங்கள் கலக்குங்கால், முதற் கன்றிலே ஒவ்வொரு குலத்தின் இழையும் நீண்ட துண்டாகவே நிற்கும். தலைமுறைதோறும் அத்துண்டுகள் வெட்டுண்டு மாறி, வரவரக் குறுகும். ஆகவே நீண்ட துண்டு அண்மைக் கலப்பையும், குறுகிய துண்டு பழங்கலப்பையும் காட்டும். மேலே கூறிய மூன்று படைகளும் உண்மையாயின், அவை மூன்று வேறு நீளங்களிலே தோன்றுதல் வேண்டும். கல்வெட்டின் எழுத்தமைதி கொண்டு காலம் கணிப்பது போன்றதே இம்முறையும்.

இதன் ஆற்றலை மேற்காசிய ஆய்வொன்று காட்டிற்று. அறுபத்தேழு பண்டை மாடுகளின் எலும்புகளிலிருந்து எடுத்த மரபணுத் தொகுதிகளை ஆராய்ந்து 2019இலே வெளியிட்ட அறிஞர், ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன்னர் மேற்காசியாவிலே திமில் மாட்டின் இரத்தம் விரைந்து பரவியமையைக் கண்டனர். அதுவே கடும் வறட்சி நிலவிய காலம். தாய்வழி பழையதாகவே இருக்க, ஏனைய பகுதி மட்டும் மாறியிருந்தமையால், அங்குள்ளார் வறட்சி தாங்கும் திமிலெருதுகளைக் கீழ்த்திசையிலிருந்து வருவித்துத் தம் பசுக்களோடு சேர்த்தனர் என்பது பெறப்பட்டது. எழுத்துச் சான்று எதுவும் கூறாத செய்தி இது.

ஆயினும், வாசிக்கும் அளவுகோலிலேயே ஒரு கோணல் இருந்தது. 2009இலே வாசிக்கப்பட்ட பசு அமெரிக்காவின் மொன்ரானா மாநிலத்துக் கெரபோட் இனப்பசு, ஐரோப்பிய வழித்தோன்றல். அதனோடு ஒருங்கே வெளிவந்த ஒப்பாய்விலே பத்தொன்பது இனங்களைச் சேர்ந்த 497 மாடுகள் ஆராயப்பட்டன. அவற்றுள் திமிலினத்தைச் சார்ந்தவை கிர், நெல்லூர், பிராமன் ஆகிய மூன்றே. பின்னர், மரபணுத் தொகுதி முழுவதையும் வாசியாது, குறித்த ஐம்பதினாயிரம் இடங்களை மட்டும் நோக்கும் மலிவான சோதனை முறை பரவியது. அவ்விடங்களோ பெரும்பாலும் ஐரோப்பிய மாடுகளிடையே வேறுபடும் இடங்களாகத் தெரியப்பட்டவை. அச்சோதனையிலே திமில் மாடுகள் வேறுபாடு குறைந்தவையாகத் தோன்றின. இழையை இடையறாது வாசித்து நோக்கியபோதோ, திமில் மாட்டிடமே வேறுபாடு மிகுதி என்பது வெளிப்பட்டது. ஒல்லாந்தர் தோம்பிலே பதியப்படாத காணியைக் காணியே அன்று எனக் கொள்வதை ஒத்தது முன்னைய தவறு. முழுவரிசையறிதலின் சிறப்பு இங்கேயே உளது. முன்கூட்டி எழுதிய பட்டியலை அது வேண்டுவதில்லை. இருப்பதை இருந்தபடியே காட்டுகின்றது. நெல்லூர் இனத்தின் மரபணுத் தொகுதி 2012இலும், பிராமன் இனத்தின் செவ்விய தொகுதி 2020இலும் வெளிவந்தன. ஆயினும் அவ்விரண்டும் தென்னாசியாவிலே வளர்ந்த மந்தைகளின் மாடுகள் அல்ல.

நெல்லூர் மாட்டின் கதை இங்கு நினைவுகூரத்தக்கது. ஆந்திரத்தின் ஒங்கோல், நெல்லூர்ப் பகுதி எருதுகளைப் பிரேசில் நாட்டார் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் 1960களின் முற்பகுதி வரை கப்பலேற்றிச் சென்றனர். இன்று அந்நாட்டின் இருபது கோடிக்கு மேற்பட்ட மாடுகளிற் பெரும்பகுதி அவ்வழி வந்தது. பிறந்த நாட்டிலேயோ ஒங்கோல் மாடு அருகி வருகின்றது. தன் பொருளின் மதிப்பைப் பிறர் கொண்டு சென்ற பின்னரே அறிவது கீழ்த்திசை நாடுகள் பலவற்றின் இயல்பாகிவிட்டது.

ஒருமையின் விலை

மேல்நாட்டுப் பிறீசியன் பசு பாலிலே நிகரற்றது. அதனை மறுப்பார் இலர். ஆயின், அந்நிலையை எய்தற்கு அவ்வினம் கொடுத்த விலையையும் அறிதல் வேண்டும். செயற்கை முறைச் சினைப்படுத்தலால் ஓர் எருது பல்லாயிரம் கன்றுகளுக்குத் தந்தையாகின்றது. வட அமெரிக்கப் பிறீசியன் எருதுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேற்பட்டவை, தந்தை வழியிலே 1960களிற் பிறந்த இரண்டே எருதுகளைச் சார்ந்தவை என 2015இலே கண்டறியப்பட்டது. அவற்றுள் ஒன்று 1962இலே பிறந்த சீப் என்னும் எருது. அதன் பெண் கன்றுகள் பதினாறாயிரம். பேர்த்திகள் ஐந்து இலட்சம். அவ்வெருதின் மரபணு ஒன்றிலே மறைந்து கிடந்த விகாரம், இரு பெற்றோரிடமிருந்தும் வந்து கூடியபோது கருவைச் சிதைத்தது. ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்ட கருக்கள் இவ்வாறு அழிந்தன என்றும், இழப்பு நாற்பத்திரண்டு கோடி டொலர் என்றும் 2016இலே கணக்கிட்டனர். அவ்வெருதினாற் பெருகிய பாலின் பயன் இவ்விழப்பினும் மிகப் பெரிது என்பதும் அக்கணக்கிலேயே உளது. எனவே, தெரிந்தெடுத்து வளர்த்தல் தவறு என்பது இதன் படிப்பினையன்று. ஒன்றையே நம்பி ஏனையவற்றைக் கைவிடின், அவ்வொன்றின் குற்றம் அனைத்தின் குற்றமாகும் என்பதே படிப்பினை. பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1950களிலே உறைய வைக்கப்பட்ட பழைய எருதுகளின் விந்திலிருந்து அற்றுப்போன தந்தை வழிகளை மீண்டும் தோற்றுவித்தனர். எவரோ அன்று பாதுகாத்து வைத்தமையால் இன்று மீட்க முடிந்தது.

இலங்கையிலும் சிந்தி, சாகிவால் முதலிய இந்திய இனங்களும், யேர்சி, பிறீசியன், அயர்சயர் முதலிய மேல்நாட்டு இனங்களும் நாட்டு மாட்டோடு கலக்கப்பட்டு வந்துள்ளன. மலைநாட்டின் குளிரிலே அவை நன்கு பயன்பட்டன. வறண்ட வலயத்திலோ நிலை வேறு. அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 2017இலே ஐயாயிரம் கறவைப் பசுக்கள் கொண்டுவரப்பட்டன; அவற்றுட் பல நோயுற்று இறந்தமை 2019இலே பெரும் விவாதமாயிற்று. காலநிலையை நோக்காது பாலை மட்டும் நோக்கியதன் விளைவு அது.

வறியவன் கேள்வி

இவ்விடத்திலே ஒரு தடை எழும். நாளொன்றுக்கு ஒன்றிரண்டு லீற்றர் பாலே தரும் மாட்டை வரலாற்றுக்காகவும் விஞ்ஞானத்துக்காகவும் கட்டித் தீனி போடு என்று ஏழைக் கமக்காரனிடம் கூறுவது நியாயமாகுமா? நியாயமன்று. மாம்புரிக் கரையிலே மிளகாயும் வெங்காயமும் செய்கைபண்ணி வாழ்பவன், தன் பிள்ளையின் படிப்புச் செலவை மாட்டின் வரலாற்றைக் கொண்டு தீர்க்க முடியாது. அவன் கலப்பினப் பசுவை விரும்புவது அறியாமையன்று.

ஆயினும், அவனே நாட்டு மாட்டை முற்றாகக் கைவிடாமையும் நோக்கத்தக்கது. தீனி விலைக்கு வாங்காமல் மேய்ந்தே உயிர் வாழ்வது அது. உண்ணியையும் வெயிலையும் தாங்குவது அது. நீரை நிறுத்தாத இம்மணல் நிலத்துக்கு அதன் சாணமே உரம். பாலை மட்டும் அளக்கும் கணக்கிலே இவை வருவதில்லை. ஆகவே, தனியொருவன் தாங்க இயலாத இச்சுமையைப் பொதுமக்கள் நிறுவனங்கள் தாங்குதல் வேண்டும் என்பதே முறையான முடிபு.

அது இயலாத செயலுமன்று. கேரளத்து வைக்கம் பகுதியிலே வெச்சூர் என்னும் குறும்பசு இருந்தது. ஏறத்தாழத் தொண்ணூறு சென்ரிமீற்றர் உயரமே உடையது. கலப்பினப் பெருக்கத்தால் அது அற்றுப்போயிற்று என்றே பலர் எண்ணினர். 1989இலே கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகப் பேராசிரியை சோசம்மா ஐப் அவர்கள், தம் மாணவர் சிலரைத் துணைக்கொண்டு, ஊரூராகத் தேடி எஞ்சிய சில பசுக்களைக் கண்டெடுத்து மண்ணுத்தியிலே வளர்த்தார். பலர் எள்ளினர், சிலர் எதிர்த்தனர். அவ்வினம் பிழைத்தது. 2022இலே இந்திய அரசு அவருக்குப் பத்மஸ்ரீ விருது அளித்தது.

வெச்சூர்ப் பசு பிழைத்தமைக்குக் காரணம் அதன் மரபணுத் தொகுதியை எவரும் வாசித்தமையன்று. அதனைத் தேடிச் சென்றமையே. வாசித்தல் ஒன்று, வாழவைத்தல் ஒன்று. வாசித்த ஏடு கணிப்பொறியிலே கிடக்கும். அது கன்று ஈனாது. ஆயின், எதனை முதலிலே காக்க வேண்டும், எந்த மந்தை பிற மந்தைகளிற் காணாத மரபணுவைத் தாங்கியுள்ளது, எதிலே கலப்பு மிகுந்துவிட்டது என்பனவற்றை வாசிப்பே கூறவல்லது. பொருள் குறைந்த நாட்டிலே, எல்லாவற்றையும் காக்க இயலாத நிலையிலே, இவ்வறிவு ஆடம்பரமன்று.

இந்திய நாடு 1984இலே விலங்கு மரபு வளங்களுக்கெனத் தனி நிலையம் ஒன்றை நிறுவி, ஐம்பதுக்கு மேற்பட்ட மாட்டினங்களைப் பெயரிட்டுப் பதிந்துள்ளது. காங்கேயம், உம்பளாச்சேரி, பருகூர், புலிக்குளம் என்பன அப்பட்டியலிலே உள்ள தமிழ்நாட்டு மாடுகள். பெயர் பெற்றதனாலேயே அவற்றைப் பற்றிப் பேசவும் காக்கவும் இடமுண்டாயிற்று. ஈழத்திலே தமன்கடுவை வெள்ளை மாடு போன்ற ஒருசில மாடுகளே பெயர் பெற்றவை. ஏனையவை நாட்டு மாடு என்னும் ஒரு சொல்லுக்குள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

மாட்டின் நிறம், கொம்பு, திமில், உயரம், அதனை வளர்ப்போர் வழங்கும் பெயர், அதன் தாய் எவ்வூரிலிருந்து வந்தது என்னும் செய்தி ஆகியவற்றைக் குறித்தற்கு ஆய்வுகூடம் வேண்டா. ஒரு குறிப்பேடும் பொறுமையும் போதும். பள்ளி விடுமுறையிலே தத்தம் ஊருக்குச் செல்லும் மாணவர் இதனைத் தொடங்கலாம். தவளம் சென்ற வழிகளை அறிந்த முதியோர் குடும்பங்கள் இன்னும் உள. அவர்களிடம் கேட்டு எழுதியதும், மாட்டின் இழையிலே வாசித்ததும் ஒருங்கு சேரும் நாளிலேயே உப்பு வழியின் வரலாறு முற்றுப்பெறும். அந்நாள் வருமுன் அம்மாடு மறைந்துவிடுமாயின், எஞ்சுவது கற்பிட்டிக் கோட்டையின் கல் மட்டுமே. கல் காவல் செய்தவனின் கதையைக் கூறும். சுமை சுமந்ததன் கதையைக் கூறாது.